ஆலை நகரங்கள் இரண்டு, பந்தயம் ஒன்று

கேள்வியும் சோதனைக்களமும்

சைக்கிள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. சைக்கிள் பந்தயம் அப்படிப் போய்ச் சேரவில்லை. அதிலும், காலையில் ஓர் ஊரில் கிளம்பிப் பொதுச்சாலையில் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடி, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் தொழில்முறை ஒருநாள் பந்தயம் பிரான்சின் வடக்கிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் ஊர்த் திருவிழாவாகவே நிலைத்துவிட்டது. இந்தியாவில் அது தொலைக்காட்சியில் பார்க்கும் அயல்நாட்டுக் காட்சியாகவே இருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்களும் சமூகவியலாளர்களும் விளையாட்டு நிர்வாகிகளும் பலவகை விடைகள் சொல்லியிருக்கிறார்கள். ஆண்ட நாட்டின் பண்பாடு, தட்பவெப்பம், சைக்கிளுக்குச் சமூகம் தரும் மதிப்பு, பத்திரிகைகளின் போட்டி, ஆலை முதலாளிகளின் ஊர்ப்பற்று, அரசின் விருப்பம் என்று அந்த விடைகள் விரிகின்றன.

இந்த விடைகளை உரசிப் பார்க்கப் புதுச்சேரியைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை. 1954 நவம்பர் 1 வரை நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 வரை சட்டப்படியும் அது பிரெஞ்சு மண். பாரிஸிலிருந்து ரூவான் வரை 1869-இல் நடந்த பந்தயம், 1891-இல் தொடங்கிய போர்தோ–பாரிஸ், பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1896-இன் பாரிஸ்–ரூபே என்று அந்த விளையாட்டு உருவான ஆண்டுகள் முழுவதும் புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடிதான். சமதளமான சாலைகள், நெசவாலைகள், ஆலைத் தொழிலாளர்கள், பிரெஞ்சு அதிகாரிகள், பின்னாளில் தெருவெங்கும் சைக்கிள்கள் என எல்லாமே இங்கே இருந்தன. ஆனாலும் ஒருநாள் பந்தயம் இங்கே மரபாகவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே மேற்சொன்ன விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை காரணத்தின் ஒரு விளிம்பைத்தான் தொடுகின்றன என்பதும், பந்தயத்தைச் சாலையோர மக்களுக்கு ஆண்டுதோறும் இலவசமாகத் தருவதால் பயன் பெறும் ஒருவர் இருக்கிறாரா என்பதே மையக் கேள்வி என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆண்டவர்கள் விட்டுச்சென்ற விளையாட்டு

மிகப் பழைய விடை காலனிய மரபைச் சுட்டுகிறது. பிரிட்டனின் தேசிய சைக்கிளோட்டிகள் சங்கம் 1890-களிலேயே, போலீஸுக்கும் பொதுமக்களின் எதிர்ப்புக்கும் அஞ்சி, பொதுச்சாலையில் கூட்டமாகப் புறப்படும் பந்தயங்களைக் கைவிட்டது. ஆளுக்கு ஒரு நேரமாகக் கிளம்பி, விடியற்காலையில் கடிகாரத்தோடு மட்டும் மோதும் நேரஓட்டமே அங்கே பந்தயமானது. 1942 ஜூனில் பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் லான்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டப் பந்தயம் நடத்தியதற்காகச் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்தத் தயக்கம்தான் என்றும், ஆகவே இங்கே கிரிக்கெட்டும் ஹாக்கியும் வளர்ந்தன, சாலைப் பந்தயம் வளரவில்லை என்றும் இந்த விடை வாதிடுகிறது. எரித்திரியாவை அது சான்றாகக் காட்டும். இத்தாலி ஆண்ட அந்தச் சிறிய நாட்டில் 1946-இலேயே நாடு சுற்றும் பந்தயம் நடந்தது. அஸ்மாராவில் பிறந்த பினியம் கிர்மாய் 2022-இல் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்ஹெம் ஒருநாள் பந்தயத்தை வென்றார். பெல்ஜியத்தின் ஆளுகையில் இருந்த ருவாண்டா 2025-இல் உலக சாலைப் பந்தய சாம்பியன்ஷிப்பைத் தன் தலைநகர் கிகாலியில் நடத்தியது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அது நடந்தது அதுவே முதல்முறை. பிரெஞ்சு குவாதலூப்பில் 1948 முதல் தீவைச் சுற்றும் பந்தயம் இருக்கிறது.

இந்தச் சான்றுகள் வலுவானவைதான். ஆனால் எதிர்ச்சான்றுகளும் அதே அளவு வலுவானவை. ஆஸ்திரேலியா பிரிட்டிஷ் காலனி. அங்கே மெல்போர்னுக்கும் வார்னம்பூலுக்கும் இடையிலான நெடும் பந்தயம் 1895-இல், அதாவது பாரிஸ்–ரூபேக்கு ஓராண்டு முன்பே, தொடங்கி இன்றும் நடக்கிறது. தாய்நாட்டில் மறுக்கப்பட்டது காலனியில் செழித்ததற்கு டயர் நிறுவனத்தின் ஆதரவு ஒரு முக்கியக் காரணம். இன்னும் அருகே பார்த்தால் இலங்கை இருக்கிறது. பிரிட்டன் ஆண்ட அந்த நாட்டில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊருக்கு ஊர் சாலையில் நடக்கும் துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டி விழாவின் வழக்கமான அங்கம். மறுபக்கம், பிரான்ஸ் ஆண்ட புதுச்சேரியில் பந்தய மரபு இல்லை. ஆண்டவர் யார் என்பதே தீர்மானிக்கும் என்றால் இலங்கையும் புதுச்சேரியும் இடம் மாறி இருக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பழக்கங்கள் புதுச்சேரி மக்களிடம் ஒட்டவே இல்லை, ஆகவே இந்தச் சோதனை செல்லாது என்று ஒருவர் மறுக்கலாம். பெத்தாங்க் விளையாட்டு அந்த மறுப்புக்குப் பதிலாக இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்று ஊர் திரும்பிய சொல்தாக்கள் இரும்புக் குண்டு உருட்டும் அந்த ஆட்டத்தை இங்கே தொடர்ந்தார்கள்; இன்றும் மண்தரை மைதானங்களில் அது ஆடப்படுகிறது. பிரெஞ்சு விளையாட்டு ஒன்று தமிழர் கைக்கு வந்து நிலைத்ததற்கு இது கண்கூடான எடுத்துக்காட்டு. ஆனால் பெத்தாங்குக்கு வேண்டியது சிறு நிலமும் நாலு பேரும். சாலைப் பந்தயம் கேட்பது அதைவிட மிகப் பெரிது. பண்பாட்டுத் தொடர்பு தேவையான நிபந்தனையாக இருக்கலாம். போதுமான நிபந்தனை ஆகாது என்பதே இதிலிருந்து கிடைப்பது. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1995-இல் எழுதிய கட்டுரையில் கிரிக்கெட் இந்தியமயமானதை விளக்கும்போதும் சமஸ்தானங்களின் ஆதரவையும் இந்திய மொழிகளில் வந்த வானொலி வர்ணனையையும் முன்னிறுத்துகிறார். ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்பது அங்கேயும் கதையின் தொடக்கம் மட்டுமே.

நிலமும் வெயிலும்

இரண்டாவது விடை இயற்கையைக் குறை சொல்கிறது. அதை நீளமாகப் பேச வேண்டியதில்லை. வெயிலைச் சொல்பவர்களுக்கு மலேசியாவின் லங்காவி சுற்று 1996 முதல் நடப்பதும், ஓமானிலும் எமிரேட்ஸிலும் பந்தயங்கள் நடப்பதும் பதில். புதுச்சேரியில் ஜனவரி, பிப்ரவரி காலைகள் அவற்றைவிட இதமானவை. மலை இல்லாத ஊரில் பந்தயம் சுவைக்காது என்பதும் அரைகுறை அறிவு. பெல்ஜியத்தின் கடலோரப் பந்தயங்களில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் காற்றே முடிவு செய்கிறது. பக்கக்காற்று வீசும்போது ஓட்டிகள் ஒருவர் மறைவில் ஒருவராகச் சாலைக்குக் குறுக்கே சாய்வரிசை கட்டுவார்கள். சாலையின் அகலம் தீர்ந்ததும் இடம் கிடைக்காதவர்கள் காற்றில் தனித்துவிடப்பட்டுக் கூட்டம் உடையும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வரும் ஓட்டிக்கு வடகிழக்குப் பருவக்காற்று இடப்பக்கம் பின்னாலிருந்து வீசும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய திறந்த வெளியில் அந்தக் காற்றுக்குத் தடுப்பே இல்லை. ஒரு பந்தயத்தை உடைக்க அது போதும். இந்திய உடலுக்கு இது ஒத்துவராது என்ற பழைய பேச்சை எரித்திரியரும் கொலம்பியரும் எப்போதோ முடித்து வைத்துவிட்டார்கள்.

ஆனால் நிலம் சம்பந்தமான ஒரு காரணம் மட்டும் கவனத்துக்குரியது. அது அரசியல் நிலம். பிரெஞ்சு இந்தியா ஒட்டுமொத்தமாகவே சுமார் ஐந்நூறு சதுர கிலோமீட்டர்தான். அதுவும் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் முதலிய பகுதிகளாகச் சிதறிக் கிடந்தது. புதுச்சேரிப் பகுதிக்குள்ளேயும் பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று துண்டு துண்டாக, இடையிடையே பிரிட்டிஷ் ஊர்கள். இருநூறு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பாதை வரைந்தால் அது பலமுறை எல்லை தாண்ட வேண்டியிருக்கும். 1949-இல் இந்திய அரசு சுங்கக் காவலை இறுக்கிய பிறகு அது நினைத்தே பார்க்க முடியாத காரியம். குவாதலூப் சிறியதுதான், ஆனால் பந்தயத்துக்கு வழிவிட ஒரே நிர்வாகம் போதும். இந்தக் காரணத்தைப் பண்பாட்டு விளக்கம் கண்டுகொள்வதில்லை. இன்றைக்கும் அதன் நிழல் இருக்கிறது: புதுச்சேரியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும்; சாலையை அடைக்க இரண்டு அரசுகளின் போலீஸ் இசைய வேண்டும். ஆயினும் எல்லை முழு விளக்கம் ஆகாது. ஐரோப்பியப் பந்தயங்கள் நாட்டு எல்லைகளையே கடக்கின்றன. கடக்கவைக்க யாரோ ஒருவருக்கு ஆர்வம் இருந்தது.

ஏழையின் வண்டி என்ற வாதம்

மூன்றாவது விடையை நம் ஊரில் அடிக்கடி கேட்கலாம். சைக்கிள் இங்கே பால்காரர், தபால்காரர், ஆலைத் தொழிலாளி, பள்ளிப் பிள்ளை ஆகியோரின் வண்டி. கொஞ்சம் வசதி வந்ததும் மொபெட்டுக்கு மாறிவிடுகிறோம். அப்படிப்பட்ட வண்டியில் யார் வீரத்தைப் பார்ப்பார்கள் என்பது அதன் சாரம். அன்றாட எந்திரங்கள் இந்திய வாழ்வை மாற்றிய விதத்தை 2013-இல் நூலாக எழுதிய டேவிட் ஆர்னால்ட், சைக்கிளையும் தையல் எந்திரத்தையும் தட்டச்சுப் பொறியையும் அரிசி ஆலையையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறார். பயன்பாட்டுப் பொருளாகவே சைக்கிள் இங்கே பொருள் பெற்றது என்பதற்கு அது துணை நிற்கும். 1991–92-இல் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தபோதும் சைக்கிள் தந்தது நடமாட்டச் சுதந்திரம். அதை யாரும் பந்தயமாக எண்ணவில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு என்றே தோன்றுகிறது. பந்தயம் உச்சத்தில் இருந்த காலத்து இத்தாலியிலும் ஃபிளாண்டர்ஸிலும் சைக்கிள் ஏழையின் வண்டியேதான். கொத்தனாரும் பண்ணைக் கூலியும் சுரங்கத் தொழிலாளியும் வேலைக்குப் போன அதே வகை வண்டியில் தம்மைப்போன்ற ஒருவர் வெல்வதைக் காண்பதே அவர்களைச் சாலையோரத்துக்கு இழுத்தது. கிறிஸ்டோபர் தாம்சன் 2006-இல் வெளியிட்ட டூர் டி பிரான்ஸ் வரலாற்றில், ஓட்டிகளைத் தொழிலாளர்களாகவே பிரெஞ்சு மக்கள் புரிந்துகொண்ட விதத்தை விரிவாகக் காட்டுகிறார். ஏழ்மையின் அடையாளம் பந்தயத்துக்கு எரிபொருளாக இருந்த நாடுகள் இருக்க, அதையே இங்கே தடையாகச் சொல்வது பொருந்தவில்லை. வேறு ஏதோ ஒன்று குறைந்ததால்தான் அந்த எரிபொருள் இங்கே பற்றாமல் போனது.

ரூபேயும் ரோடியர் மில்லும்

பாரிஸ்–ரூபே எப்படிப் பிறந்தது என்பது நன்கு பதிவான கதை. ரூபே, பிரான்சின் வடக்கு ஓரத்தில் கம்பளி நெசவுக்குப் பேர்போன தொழிலாளர் நகரம். தியோதர் வியென், மோரிஸ் பெரெஸ் என்ற இரு ஆலை முதலாளிகள் 1895-இல் அங்கே ஒரு சைக்கிள் ஓடுகளம் கட்டினார்கள். களத்துக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும். பாரிஸிலிருந்து ஒரு பந்தயம் அங்கே வந்து முடிந்தால் கூட்டம் தானே வரும். ‘ல வேலோ’ என்ற விளையாட்டு நாளிதழைத் துணைக்கு அழைத்தார்கள். அதற்கும் விற்பனை கூட வேண்டும். 1896 ஏப்ரல் 19-இல் முதல் பந்தயம் சுமார் 280 கிலோமீட்டர் நடந்தது. ஜெர்மானியர் ஜோசப் ஃபிஷர் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் வென்றவர் மோரிஸ் கரான், ரூபேயிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தவர். நுழைவுச்சீட்டு விற்கும் களம், பிரதிகளை விற்கும் பத்திரிகை, ஊர்க்காரரே ஆன வெற்றியாளர் ஆகிய மூன்றும் மூன்றே ஆண்டுகளில் ஒன்றுசேர்ந்தன. மற்றப் பெரும் பந்தயங்களின் பிறப்பும் ஏறக்குறைய இதே வார்ப்புத்தான்: பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ‘ல பெத்தி ஜுர்னால்’ பத்திரிகையின் பியேர் ஜிஃபார் தொடங்கியது; 1907-இன் மிலான்–சான் ரெமோ ‘கசெட்டா தெல்லோ ஸ்போர்ட்’ நடத்தியது; 1913-இன் ஃபிளாண்டர்ஸ் சுற்று ‘ஸ்போர்ட்வெரெல்ட்’ இதழின் காரெல் வான் வைனென்டாலெ உருவாக்கியது. சாலையோரம் நின்று பார்க்க யாரும் காசு தருவதில்லை. ஆகவே செலவை வேறொரு விற்பனையிலிருந்து ஈடுகட்டக்கூடிய ஒருவர் வேண்டும். இந்த விளக்கத்தைப் பொருளியல் விளக்கம் என்று அழைக்கலாம்.

இனி புதுச்சேரியைப் பார்ப்போம். அதே காலத்தில் அதுவும் நெசவாலை நகரம். சவானா மில், கெப்ளே மில், ஊரார் ரோடியர் மில் என்றே அழைத்த, 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ–பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆகிய மூன்றும் ஊரின் உயிர்நாடிகள். ரூபேயின் முதலாளிகளுக்குத் தோன்றியது இந்த முதலாளிகளுக்கு ஏன் தோன்றவில்லை? தொழிலாளிக்கு ஓய்வுநேரம் இல்லை என்பது உடனடியாக வரும் பதில். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா போன்றோர் நடத்திய போராட்டத்தின் விளைவாக, எட்டு மணிநேர வேலை சட்டமானது. ஆனால் அந்தப் பதில் தன்னளவில் நிற்காது. 1896-இல் ரூபே தொழிலாளிக்கும் எட்டு மணிநேர வேலை கிடையாது. பிரான்சில் அந்தச் சட்டம் 1919-இல்தான் வந்தது. வாராந்தர ஓய்வுச் சட்டமே 1906-இல்தான்.

வேறுபாடு முதலாளியும் ஊரும் எப்படிப் பிணைந்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது. வியெனும் பெரெஸும் ரூபேயில் வாழ்ந்தவர்கள். 1892-இலேயே சோஷலிஸ்டுகளை நகராட்சியில் உட்காரவைத்த ஊர் அது. அங்கே செல்வந்தருக்கு ஊராரின் நல்லெண்ணம் மதிப்புள்ள சரக்கு. அந்த இருவரையும் தூண்டியது இந்தக் கணக்குத்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஊரின் பெயரைப் பாரிஸ் வரை கேட்கச் செய்யும் ஆசை அவர்களுக்கு இருந்திருக்கக்கூடும் என்ற அளவில் சொல்லலாம். புதுச்சேரியின் நிலை நேரெதிர். அங்கே நெய்து நீலச்சாயம் தோய்த்த கினித் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. ஆலையின் மூலதனம் ஐரோப்பாவில் இருந்தது, வாடிக்கையாளர் ஆப்பிரிக்காவில் இருந்தார், உழைப்பு மட்டும் முதலியார்பேட்டையிலும் அதைச் சுற்றிய சேரிகளிலும் இருந்தது. இந்த ஊர் மக்களை மகிழ்விப்பதால் ஆலைக்கு ஒரு முழத் துணிகூடக் கூடுதலாக விற்காது. பத்திரிகையின் நிலையும் அப்படியே. சுப்ரமணிய பாரதியின் ‘இந்தியா’ 1908 முதல் இங்கிருந்து வந்ததும், சுப்பையாவின் ‘சுதந்திரம்’ 1934-இல் தொடங்கியதும் அரசியலுக்காக. எழுத்தறிந்தோர் குறைவாக இருந்த சின்ன ஊரில், நூறாயிரம் பிரதிகளுக்காக மோதும் விளையாட்டு நாளிதழுக்கு இடமே கிடையாது. பந்தயத்தை இலவசமாகத் தந்து வேறிடத்தில் லாபம் எடுக்கக்கூடிய கை புதுச்சேரியில் ஒன்றுகூட இல்லை.

அரசு அந்தக் கையாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. இந்தோசீனாவில் அப்படி நடந்தது: 1942–43-இல், ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபின் அமைந்த விஷி அரசின் ஆளுநர் தெகூ காலத்தில், விளையாட்டுப் பொறுப்பிலிருந்த துக்குரூவா வியட்நாம், கம்போடியா, லாவோஸ் வழியாக நெடும் சைக்கிள் பந்தயம் நடத்தினார். இளைஞரைப் பேரரசோடு கட்டிப்போடுவது அதன் நோக்கம். புதுச்சேரியோ 1940 செப்டம்பரிலேயே ஆளுநர் போன்வேன் தலைமையில், விஷியை எதிர்த்த சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்துவிட்டது. விஷியின் விளையாட்டுத் திட்டம் இங்கே வரவில்லை. இதைக் காரணமாக அல்ல, ஓர் ஒப்பீடாகவே வைக்கிறேன். ஒரே பேரரசின் இரண்டு காலனிகளில் ஒன்றில் மட்டும் பந்தயம் ஓடியது, அரசுக்கு அங்கே அதனால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்ததால்.

சாலையோரக் கூட்டம்

பொருளியல் விளக்கத்துக்கு எதிராக ஒரு கனமான மறுப்பு உண்டு. சாலையோரம் மணிக்கணக்கில் நின்று சில நொடிகள் கடந்துபோகும் ஓட்டிகளைக் காண்பது ஐரோப்பியப் பழக்கம். நம் மக்கள் ஆற அமர உட்கார்ந்து பார்க்கும் காட்சியையே விரும்புவார்கள். ஆகவே யார் செலவழித்தாலும் பயனில்லை என்பது அது. சைக்கிள் சுற்றும் வித்தையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழக ஊர்களில், பொட்டலில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிளில் சுற்றிவரும் கலைஞரைப் பார்க்க ஊரே கூடியது. தாங்குதிறனை ரசிக்கும் கண் நம்மிடம் இருந்தது. ஆனால் அது ஒரு வட்டத்தைச் சுற்றிக் கூடிய கண். அங்கேயே சில்லறையும் துண்டும் வேட்டியும் சன்மானமாக விழுந்தன.

ஆனால் அதே தமிழ்நாட்டில் மாட்டுவண்டிப் பந்தயம் இருக்கிறது. சிவகங்கை, மதுரை, இராமநாதபுரம், தேனி வட்டாரங்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பொதுச்சாலையில், போக வர இத்தனை மைல் என்று தூரம் குறித்து, பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு என்று பிரித்து ஓட்டுகிறார்கள். சாலையின் இருபுறமும் மக்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வண்டிகள் சில நொடிகளில் கடந்துபோகின்றன. அதைப் பேசி முடிக்க மாலையாகிறது. பல ஊர்களில் அதே நாளில் சைக்கிள் பந்தயமும் உண்டு. செலவை ஏற்பது விழாக் குழுவும் ஊர்ப் பெரியமனிதர்களும், பெரும்பாலும் பேருக்காகவும் வாக்குக்காகவும். அதாவது, சாலையோரக் கூட்டம் என்ற வடிவம் தமிழருக்கு அந்நியமானது அல்ல. கொடையாளி இருக்கும் இடத்தில் அது இருக்கிறது. மறுப்பாக வந்தது கடைசியில் பொருளியல் விளக்கத்துக்கே வலு சேர்க்கிறது.

அரசு தரப்பிலும் ஒரு சிறு மரபு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவருக்கும் மாணவியருக்கும் சாலையில் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். தூரம் இருபது கிலோமீட்டருக்குள். பந்தயக் கைப்பிடியும் கியரும் இல்லாமல், அரசு தந்த இலவச சைக்கிளிலேயே ஒரு சிறுமி கலந்துகொள்ள முடிகிற போட்டி அது. பாரிஸ்–ரூபே பெண்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்தியதே 2021-இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆனால் பதினேழு வயதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அடுத்த படி இல்லை. திறமையுள்ளவர்களை இந்திய சைக்கிள் கூட்டமைப்பும் தேசிய முகாம்களும் சாலையைவிட ஓடுகளத்துக்கே அதிகம் இழுக்கின்றன. ஆசிய அளவில் பதக்கம் அங்கே அருகில் தெரிகிறது. ஓடுகள ஓட்டிகளான ஈசோ அல்பென், ரொனால்டோ சிங் ஆகியோரின் வெற்றிகள் அந்தக் கொள்கையின் பலன். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாலையோரத்து ஊர் அந்த வெற்றியைத் தன் கண்ணால் காண்பதில்லை.

பணம் இருந்தும் நிலைக்காதவை

பொருளியல் விளக்கம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதா? இல்லை. 2011-இல் மும்பையில் சர்வதேச நாட்காட்டியில் இடம்பெற்ற ஒருநாள் பந்தயங்கள் நடந்தன. ஐரோப்பியத் தொழில்முறை அணிகள் வந்தன, விளம்பரதாரர்கள் இருந்தார்கள். ஆனாலும் அது ஆண்டுதோறும் தொடரும் மரபாகவில்லை. 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியின் சாலைப் பந்தயத்தை ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ் வென்றார். போட்டி முடிந்ததும் சாலை பழையபடி சாலையானது. ரூபேயோடு ஒப்பிட்டால் குறை தெரிகிறது. அங்கே இரண்டாம் ஆண்டிலேயே வென்றவர் உள்ளூர் சைக்கிள் கடைக்காரர். இங்கே முன்னணிக் கூட்டத்தில் நம்மூர்ப் பெயர் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. செலவழிக்கும் கையோடு ஊர்க்கார ஓட்டியும் சேர வேண்டும், அதுவும் தொடர்ச்சியான ஆண்டுகளில் சேர வேண்டும் என்று விளக்கத்தைத் திருத்திக்கொள்வது அவசியமாகிறது. சென்னையின் மோட்டார் பந்தயம் இந்தத் திருத்தத்தை உறுதிப்படுத்துகிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வளர்ந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போன அந்த விளையாட்டுக்கு வண்டியும் டயரும் செய்யும் சென்னை நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பணமும் ஓட்டிகளும் தந்தன. அம்பத்தூரில் 1949 முதல் சைக்கிள் தொழிற்சாலை இருந்தும் சாலை சைக்கிள் பந்தயத்துக்கு அந்த அளவு ஆதரவு கூடிவரவில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் வண்டி விற்கப் பந்தயம் தேவைப்படவில்லை என்பதே அதன் எளிய காரணமாக இருக்கலாம்.

சாலையை அடைப்பது முடியாத காரியம் என்ற நிர்வாக வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளை அடைத்து ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. 2023 அக்டோபர் 8 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் எச்சிஎல் சைக்ளோத்தான் நடந்தது. தொழில்முறை ஓட்டிகளுக்கென்று தனிப் பிரிவும் பரிசும் இருந்தன. புதுச்சேரி போகும் அதே சாலையில், விடியற்காலையில், ஒருநாள் பந்தயத்துக்கு நம் மண்ணில் மிக நெருங்கி வந்த நிகழ்வு அதுவே. ஆனால் ஓட்டத்தின் தூரம் 55 கிலோமீட்டர். ரூபேயில் கல்பாவிய சாலை மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். சைக்ளோத்தானின் பொருளியலும் வேறு. அங்கே பணம் தருபவர்களில் கலந்துகொள்பவரும் ஒருவர். கட்டணம் கட்டி ஓட்டுகிற ஆயிரக்கணக்கானோரே நிகழ்வின் முகம். பார்வையாளர் அதில் இன்னும் இடம்பெறவில்லை.

பிரான்சிலிருந்து இந்தச் சாலைக்கு உண்மையில் வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் தொழில்முறைப் பந்தயமாக 1951-ஓடு நின்றுபோனது. ஆனால் பிரான்சில் 1904-இல் தொடங்கிய ஆடாக்ஸ் மரபில், வெற்றி தோல்வி இல்லாத, காலவரையறைக்குள் முடிக்கும் நெடும்பயணமாக அது நான்காண்டுக்கு ஒருமுறை இன்றும் நடக்கிறது. அதற்குத் தகுதிபெற இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர்ப் பயணங்களைச் சென்னையின் ஓட்டிகள் வார இறுதிகளில் இதே சாலையில் முடிக்கிறார்கள். புதுச்சேரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய முந்நூறு. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பிரெஸ்ட் போய் வந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது வராத பிரெஞ்சு நெடுஞ்சாலை மரபு, அவர்கள் போய் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சென்னையின் அலுவலக ஊழியர்கள் வழியாகப் புதுச்சேரிக்கு வந்திருக்கிறது. பண்பாட்டை ஆட்சி மட்டுமே கொண்டுசேர்க்கும் என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

முடிவாகாத கேள்விகள்

இதுவரை பார்த்ததில், தட்பவெப்பமும் உடலும் சைக்கிளின் தாழ்ந்த மதிப்பும் போதிய விளக்கங்கள் ஆகவில்லை. காலனிய மரபு ஓரளவு விளக்குகிறது. எல்லைகளும் நிர்வாகமும் புதுச்சேரியின் தனிச்சிக்கல். செலவை வேறிடத்தில் ஈடுகட்டும் கொடையாளியும் உள்ளூர் ஓட்டியும் ஒரே காலத்தில் அமையாததே அதிகம் விளக்குகிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் இந்த மதிப்பீட்டில் ஒரு பலவீனம் உண்டு: மரபு தோன்றாத இடத்தை வைத்துக் காரணம் தேடுவது எப்போதும் ஓரளவு ஊகம். பிரெஞ்சுக் காலத்து ஜூலை 14 விழாக்களின் விளையாட்டு நிகழ்ச்சிகளையும் ஆலைகளின் பொழுதுபோக்குச் சங்கங்களையும் புதுச்சேரி, ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக்காப்பகங்களில் ஒருவர் முறையாகத் தேடினால், சில ஆண்டுகள் நடந்து நின்றுபோன பந்தயங்கள் வெளிவரலாம். அப்படி வந்தால் ஏன் தொடங்கவில்லை என்ற கேள்வி ஏன் தொடரவில்லை என்று மாறும். விடையின் எடையும் கொடையாளியிலிருந்து ஓட்டியின் பக்கம் சாயக்கூடும்.

இன்னொரு கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. கட்டணம் கட்டி ஓட்டும் கூட்டம் ஒருநாள் சாலையோரக் கூட்டமாக மாறுமா? மாறும் என்பதற்கும் மாறாது என்பதற்கும் இன்றைக்குச் சான்று போதாது. 2008 முதல் நடக்கும் ஆரோவில் மாரத்தான் ஓடுபவர்களை ஆயிரக்கணக்கில் ஈர்க்கிறது. பார்ப்பவர்களை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. 2026 ஜனவரிக்கென அறிவிக்கப்பட்ட புனே கிராண்ட் டூர் போன்ற பலநாள் பந்தயங்கள் அரசின் கை இங்கேயும் நீளத் தொடங்கியிருப்பதைக் காட்டுகின்றன; அவை ஐந்தாம் ஆண்டிலும் நடக்கின்றனவா, முன்னணியில் மராட்டியப் பெயர் ஒலிக்கிறதா என்பதைப் பார்த்தே எதையும் சொல்ல முடியும். புதுச்சேரியில் இன்றைய கொடையாளி சுற்றுலாத் துறையாகவே இருக்க முடியும். ஆலைகளில் கடைசிப் பெரிய ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தத் துறையின் வாடிக்கையாளர் வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர். அவருக்காக நடத்தப்படும் பந்தயம் கடற்கரைச் சாலையைச் சுற்றிவந்து முடிந்துவிடுமா, மரக்காணத்திலும் கோட்டக்குப்பத்திலும் வீட்டு வாசலில் நிற்பவர்களுக்கும் உரியதாகுமா என்பது, முதல் ஆண்டுப் பாதையை வரையும்போதே பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதி, அண்ணா பிறந்தநாள் போட்டியில் பதினேழு வயதில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பதினெட்டாம் வயதில் ஒரு பந்தயச் சைக்கிளும் ஒரு பயிற்சியாளரும் கிடைப்பார்களா என்பதைப் பொறுத்தது.